அறுபது கிராம் காற்று

ஒன்பதாவது மீட்டரில் கோல் நின்றுவிட்டது.

மோட்டார் நிற்கவில்லை. பெட்டிக்குள் அச்சு சுழன்றுகொண்டே இருந்தது. வெளியே நுனி அசையவில்லை. தடித்த காகிதத்தை யாரோ மெதுவாகக் கசக்குவது போல உள்ளிருந்து ஒரு சரசரப்பு வந்தது. அது என்ன சத்தம் என்று வீப்கே க்ளிங்கபீலுக்குத் தெரியும்.

"நிறுத்து!"

அவள் உதவியாள் கேரோ பொத்தானை அழுத்தினான். கூடத்தில் சத்தமே இல்லை. கூரைக்குக் கீழே கோலைத் தாங்கிய ஒன்பது வெள்ளைப் பலூன்கள் ஆடாமல் நின்றன.

வீப்கே பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் பார்த்தாள். இறுக்கமாக இருக்க வேண்டிய சுருள் பருத்து, நான்கு சுவரையும் முட்டிக்கொண்டிருந்தது.

"பூத்துடுச்சு," என்றாள்.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறையில் பத்தொன்பது வருடமாக அவள் செய்வது ஒரே பொருள்தான். கார்பன் இழையில், அஞ்சலட்டைத் தடிமன்கூட இல்லாத இரண்டு வளைந்த ஓடுகள். விளிம்போடு விளிம்பை ஒட்டினால் நடுவில் புடைத்த குழல் கிடைக்கும். அமுக்கினால் அது தட்டைப் பட்டையாகும். பட்டையை அச்சில் சுற்றிப் பெட்டியில் அடைக்கலாம். வெளியே விட்டால் மறுபடி குழலாகி விறைத்து நிற்கும். நீளம் பதினான்கு மீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. விண்ணில் இப்படி நான்கு கோல்கள் செயற்கைக்கோளிலிருந்து நான்கு திசையில் நீண்டு, ஒரு வீட்டுக்கூரையைவிடப் பெரிய வெள்ளிப்பாயை இழுத்து விரிக்க வேண்டும்.

சுற்றி வைத்த பட்டை சும்மா இருக்காது. அவிழத் துடிக்கும். வாசலில் தடை அதிகமானால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி, உள்ளேயே விரியும். அதைத்தான் பூப்பது என்பார்கள். பூத்துவிட்டால் மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சுருள்தான் பருக்கும். கோல் ஒரு விரற்கடை நீளாது.

இது இருபத்து மூன்றாவது சோதனை. முந்தைய இருபத்திரண்டிலும் ஒருமுறைகூட அது பூத்ததில்லை.

ஓர்ட்வின் பேமெ மாடிப்படியில் இறங்கி வந்தான். கணக்குப் போடுகிறவன், திட்டத்துக்குத் தலைவன். ஒரு கையில் பச்சை இறைச்சியும் வெங்காயமும் வைத்த பாதி ரொட்டி. செவ்வாய்க்கிழமையானால் அது இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது.

"என்ன ஆச்சு?"

"ஒன்பதுல நின்னுடுச்சு."

அவனும் குனிந்து பார்த்தான். ரொட்டியை மெல்வதை நிறுத்தினான்.

"சுத்தும்போது தொய்வு விட்டிருக்க."

"விடல."

"வீப்கே, வியாழக்கிழமை கோலைப் பாக்க ப்ரேமன் கம்பெனிலேர்ந்து அந்தம்மா வராங்க."

"தெரியும். தொய்வு விடலைன்னேன்."

"அப்ப என்ன, பேயா பூக்க வெச்சுது?"

"உன் வெங்காய வாசனையா இருக்கும்," என்றான் கேரோ. யாரும் சிரிக்கவில்லை.

அவள் பெட்டியைத் திறந்து, கோல் முழுவதையும் வெளியே எடுத்து மறுபடி சுற்றினாள். கேரோ அச்சைத் திருப்பினான், அவள் பட்டையைப் பிடித்தாள். மெல்லிய பருத்திக் கையுறைக்குள் இரண்டு கட்டைவிரலாலும் இழுவையை அளந்துகொண்டே போனாள். அந்த அளவை அவள் ஏட்டில் எழுதிவைத்திருக்கிறாள். ஆனால் ஏட்டைப் பார்ப்பதில்லை. பட்டறையில் வேறு எவர் சுற்றினாலும் அடுக்குகளுக்கு நடுவே மயிரிழை வெளிச்சம் தெரியும். அவள் சுற்றினால் தெரியாது. இது ஓர்ட்வினுக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னான் என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

மதியம் மூன்று மணிக்கு இருபத்து நான்காவது சோதனை. கோல் பதினான்கு மீட்டரும் வழுக்கிக்கொண்டு வந்தது. சரசரப்பு இல்லை.

"பாத்தியா? கை சரியா பட்டதும் சரியா வருது," என்று ஓர்ட்வின் அவள் தோளைத் தட்டினான்.

வீப்கே கையுறையைக் கழற்றினாள். காலையில் எப்படிச் சுற்றினாளோ அப்படியேதான் மதியமும் சுற்றியிருந்தாள். அப்படியானால் வேறு எதுவோ மாறியிருக்கிறது.

சைக்கிளில் வீடு திரும்பும்போது தூறல். பாதி வழியில் காலூன்றி நின்றாள். காலையில் பலூன்கள் ஆடாமல் நின்றன. மதியம் ஆடின.

மறுநாள் ஏழு மணிக்கே கூடத்தில் இருந்தாள்.

பலூன்கள் அவளுடைய யோசனை. பூமியில் இவ்வளவு மெல்லிய கோலை நீட்டினால் தன் எடையிலேயே வளைந்து ஒடியும். அதனால் மீட்டருக்கு ஒன்றாக ஹீலியம் பலூன் கட்டி எடையைத் தாங்கிக்கொள்ள வைத்தாள். கோல் வெளியே வர வர கேரோ ஒவ்வொன்றாக மாட்டுவான். தண்டவாளமும் கப்பியும் வைத்துத் திணறிக்கொண்டிருந்த பெரிய ஆய்வுக்கூடத்துக்காரர்கள் வந்து இதைப் படம் எடுத்துப் போனார்கள். அவள் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் சொல்லிக்கொள்கிற ஒரே விஷயம் அது.

அவள் ஒரு பலூனை வெறும் தரையில் கட்டிவிட்டு, பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். குண்டின் நூல் நேராக நின்றது. பலூனின் நூல் சாய்ந்திருந்தது. சாய்வு இரண்டு விரல் அகலம், கூடத்தின் கடைசிச் சுவரை நோக்கி.

கடைசிச் சுவரில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

பிசின் நெடியை இழுத்து வெளியே தள்ளுகிற பெரிய விசிறி அது. ஆள் உள்ளே இருக்கும்வரை அணைக்கக் கூடாது என்று பொத்தானுக்கு மேலே சிவப்புத் தகடு. பத்தொன்பது வருடத்தில் அதை யாரும் அணைத்ததில்லை. அதன் ஓசையே யார் காதிலும் விழாது. நேற்றுக் காலைதான் வடிகட்டி மாற்ற ஆள் வந்தான். பிசின் மேசையைக் காலி செய்யச் சொல்லி, விசிறியை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தான். அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று இவர்கள் சோதனையை நடத்தினார்கள்.

கேரோ வந்தபோது அவள் பதினான்கு பலூன்களையும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்தாள். ஒவ்வொன்றிலும் சிறு சிறு திருகாணிகளைத் தொங்கவிட்டு, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதக்க வைத்திருந்தாள். கயிற்றின் ஒரு முனை வில் தராசில் மாட்டியிருந்தது.

"பிறந்தநாளா யாருக்காவது?"

"முள்ளைப் படி."

அவன் குனிந்தான். "அறுபது. அறுபது கிராம்."

"காத்து இழுக்குது."

"ஒரு முட்டை எடை. அதுக்கா இவ்வளவு காலங்காத்தால வந்த?"

"நூல் எவ்வளவு இழுக்குது, கேரோ?"

அவன் முகம் மாறியது. விண்ணில் பாய் கோலைப் பின்னுக்கு இழுக்கும். நூறு கிராம் இழுவையை எதிர்த்துக் கோல் வெளியே வர வேண்டும் என்பது ப்ரேமன்காரர்களின் நிபந்தனை. அதற்காகத்தான் கோலின் நுனியில் ஒரு நூல். பெட்டிக்கருகே இருக்கும் நூற்கண்டு அதைச் சீராக நூறு கிராம் பளுவோடு பிடித்திருக்கும். நூல் பின்னால் நூறு இழுத்தது. பலூன்கள் முன்னால் அறுபது இழுத்தன.

"அப்ப நாம தாண்டினது நாப்பதுதானா?" என்றான் கேரோ.

"நாப்பதுதான். நேத்து மத்தியானத்தோட சேத்து இருபத்து மூணு தடவையும்."

நாயை நடத்திக்கொண்டு போவதாக நினைத்தோம், நாய்தான் நம்மை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கோல் முன்னே போகும்போது பலூன்கள் பின்தங்கித்தான் வர வேண்டும். அவை முந்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். அழகாக இருக்கிறது என்றுகூட ஒருமுறை சொன்னாள்.

ஓர்ட்வினின் அறைக்கு அவளே ஏறிப்போய்ச் சொன்னாள். அவன் மூன்று கேள்வி கேட்டான். பிறகு எழுந்து கதவைச் சாத்தினான்.

"அறிக்கை ப்ரேமனுக்குப் போயாச்சு. இருபத்திரண்டு சோதனை, இருபத்திரண்டும் வெற்றின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன்."

"தெரியும்."

"நாளைக்கு அவங்க பாக்கப்போறது கடைசிச் சோதனை. விசிறி ஓடட்டும். எப்பவும் ஓடுறதுதானே, சட்டமே அதான். கோல் வெளிய வரும், அவங்க கையெழுத்துப் போடுவாங்க. அப்புறம் ராக்கெட் கிளம்ப நாலு மாசம் இருக்கு. சத்தமில்லாம சரிபண்ணிடலாம்."

"கையெழுத்துப் போட்டதும் பெட்டிய மூடி முத்திரை வெச்சிடுவாங்க. எப்படிச் சரிபண்ணுவ?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"அவங்க கையில இன்னொரு கம்பெனியோட உலோகக் குழாய் தயாரா இருக்கு வீப்கே. நம்மளதைவிட மூணு மடங்கு கனம், ஆனா ஏற்கெனவே ரெண்டு தடவை பறந்திருக்கு. நாளைக்கு நாம ஒரு வார்த்தை தடுமாறினா அதுதான் போகும். உன் கோல் எத்தனை வருஷமா இந்தக் கூடத்தைத் தாண்டல?"

பத்தொன்பது. முதல் திட்டம் பாதியில் நின்றது. இரண்டாவதில் ராக்கெட்டே மாறிவிட்டது. அவள் செய்த முப்பத்தோரு கோல்களில் ஒன்றுகூட மேகத்தைத் தொட்டதில்லை. சில அலமாரியில் இருக்கின்றன. ஒன்றை யாரோ கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை.

"நேத்து நான் சுத்தினதுல தொய்வுன்ன," என்றாள்.

"அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன்."

"மன்னிப்பு வேணாம். கேளு. கோல் தோத்தா நான் தோத்தேன்னு எழுது, எங்க வேணா கையெழுத்துப் போடுறேன். ஆனா காத்து ஜெயிச்சதை நான் ஜெயிச்சேன்னு சொல்ல மாட்டேன். மேல போய் அது பூத்து நின்னா, அங்க போய் விசிறி போடுவியா?"

ஓர்ட்வின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப ஒரே வழிதான்," என்றான். "அது உனக்குப் பிடிக்காது."

அவளுக்குத் தெரிந்த வழிதான். பெட்டிக்குள் சுருளைச் சுற்றிலும் நான்கு சிறு உருளைகள் அமுக்கிப் பிடித்திருக்கும். ஒவ்வொரு உருளைக்குப் பின்னாலும் ஒரு ஸ்பிரிங். அமுக்கம் கூடினால் அடுக்குகள் நழுவாது, சுருள் பூக்காது. இரண்டு வருடத்துக்கு முன்பே ஓர்ட்வின் கடினமான ஸ்பிரிங் கேட்டான். வீப்கே முடியாதென்றாள். அவ்வளவு மெல்லிய பட்டை, உருளைக்கடியில் மடிப்பு விழும், இழை முறியும் என்றாள். இங்கே யாரும் என் பட்டையை நசுக்க வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். கடைசியில் அவள் சொன்ன மென்மையான ஸ்பிரிங்கைத்தான் போட்டார்கள்.

"எவ்வளவு கடினம் வேணும்?"

அவன் பலகையில் கணக்குப் போட்டான். அழித்தான், மறுபடி போட்டான். "மூணு மடங்கு."

"ரெண்டரை போதாதா?"

"இது சந்தையில கோஸு பேரம் இல்ல. மூணு."

அன்று பகல் முழுவதும் அவள் மேசையில் இருந்தாள். அதே இழையில், அதே சூட்டில், அதே நாளில் செய்த அரை மீட்டர் துண்டு ஒன்று மீந்திருந்தது. புதிய ஸ்பிரிங் மாட்டிய உருளையை அதன்மேல் ஓட்டினாள். பத்து முறை ஓட்டி விளக்கில் பார்த்தாள். ஐம்பது முறை ஓட்டிப் பார்த்தாள். மடிப்பு விழும் என்றுதான் எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால், நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். இருநூறு முறை ஓட்டினாள். கேரோ பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்ல."

"விளிம்பைப் பாரு."

"விளிம்பும் பாத்தேன். குழந்தை கன்னம் மாதிரி இருக்கு. ரெண்டு வருஷமா இதுக்கா அந்தச் சண்டை போட்ட?"

அவள் துண்டைத் திரும்ப வாங்கி, உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். விட்டாள். டக்கென்று குழலாக எழுந்தது. தான் செய்தது தான் நினைத்ததைவிட உறுதி என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஐம்பத்தோரு வயது ஆகியிருந்தது.

பெட்டியில் நான்கு ஸ்பிரிங்கும் மாற்றி, கோலைச் சுற்றி முடிக்க ஐந்து மணி ஆயிற்று. ஓட்டிப் பார்க்க வழியில்லை. பிசின் மேசையில் வேறொரு வேலை உலர்ந்துகொண்டிருந்தது. வியாழன் காலைக்குமுன் அதை எடுக்க முடியாது. அது இருக்கும்வரை விசிறியை நிறுத்த முடியாது. விசிறி ஓடும்போது செய்யும் சோதனையை இனி அவள் சோதனை என்று சொல்லமாட்டாள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குத் திருமதி க்விஸ்டோர்ப் வந்தாள். உயரமான பெண். ப்ரேமன் செயற்கைக்கோள் நிறுவனத்தில் எதை ஏற்றுவது, எதை ஏற்றக்கூடாது என்று சொல்கிறவள். காப்பி வேண்டாமென்றாள். அறிக்கையை மேசையில் விரித்தாள்.

"இருபத்திரண்டு. நல்லா இருக்கு. ஆரம்பிக்கலாமா?"

ஓர்ட்வின் வாயைத் திறந்தான். வீப்கே முந்திக்கொண்டாள்.

"அந்த இருபத்திரண்டையும் அடிச்சிடுங்க, திருமதி க்விஸ்டோர்ப்."

"என்ன சொல்றீங்க?"

வீப்கே சொன்னாள். தூக்குக்குண்டைக் காட்டினாள், சாய்ந்த நூலைக் காட்டினாள், அறுபது கிராமைச் சொன்னாள். பலூன் ஏற்பாடு தன்னுடையது என்றாள். ஸ்பிரிங் பற்றி இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர்ட்வின் சொன்னதுதான் சரி, தடுத்தது தான் என்றாள். நேற்று மாற்றியதையும், மாற்றிய பிறகு ஓட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னாள்.

"ஓட்டிப் பாக்காததை என் முன்னால ஓட்டப்போறீங்களா?"

"ஆமா."

"நின்னுட்டா?"

"நின்னுட்டா நீங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு ப்ரேமன் போயிடலாம்."

க்விஸ்டோர்ப் பேனாவை எடுத்தாள். அறிக்கையின் முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். நிதானமாக, அடிக்கோல் வைத்ததுபோல நேராக. ஓர்ட்வின் அதைப் பார்க்கவில்லை.

பிசின் மேசை காலியாக இருந்தது. பாதுகாப்பு அதிகாரியிடம் காலையிலேயே எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. வீப்கே சுவருக்குப் போய் விசிறியை அணைத்தாள். இறக்கைகள் மெல்ல ஓய்ந்தன. பலூன்களின் நூல்கள் ஒவ்வொன்றாக நேராயின. வெளியே ஒரு சின்ன விமானம் ஓடுபாதையில் திரும்பும் சத்தம் முதல்முறையாக உள்ளே கேட்டது.

"ஓட்டு."

கோல் தட்டையாக வாசலுக்கு வந்து, வெளியே வந்ததும் புடைத்து, குழலாகி, நீண்டது. கேரோ முதல் பலூனை மாட்டினான். இரண்டு. மூன்று. கோலின் நுனியில் நூல் இறுகி நின்றது. அந்த நூறு கிராமில் அறுபதைக் குறைத்துத் தர இன்று காற்று இல்லை.

வீப்கே கோலைப் பார்க்கவில்லை. பெட்டியருகே குந்தி, காதை வைத்துக்கொண்டிருந்தாள். உருளைகள் உறுமின. புதுச் சத்தம் அது, கரகரவென்று கட்டையாக இருந்தது. பட்டையின் வலி தன் பல்லில் ஏறுவதுபோல இருந்தது அவளுக்கு.

"ஏழு," என்றான் கேரோ. "எட்டு."

எட்டரையில் மெல்லிய சரசரப்பு.

ஓர்ட்வினுக்கும் அது கேட்டது. பொத்தானை நோக்கி அவன் கை போனது.

"தொடாதே," என்றாள் வீப்கே.

கண்ணாடிக்குள் சுருள் ஒரு நொடி மூச்சு வாங்குவதுபோலப் பருத்தது. நான்கு உருளைகளும் பின்வாங்கின. ஸ்பிரிங்குகள் அமுங்கின. பிறகு உருளைகள் திரும்பி வந்தன. சுருள் அடங்கியது. சரசரப்பு நின்றது.

"ஒன்பது," என்றான் கேரோ. அடுத்த பலூனை எடுத்தான். "பத்து."

பதினான்காவது மீட்டரில் அச்சு வெறுமையாகி, தாழ்ப்பாள் விழுந்தது. கூடத்தின் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் கறுப்பாக, நேராக, ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய கோல் காற்றில் கிடந்தது. கேரோ கைதட்ட ஆரம்பித்தான். வேறு யாரும் தட்டாததால் நிறுத்தினான். பிறகு ஓர்ட்வின் தட்டினான்.

க்விஸ்டோர்ப் கைதட்டவில்லை. விளக்கு கேட்டாள். கோலின் அடியிலிருந்து நுனிவரை விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, விளிம்பு விளிம்பாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. வீப்கே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் கூடவே நடந்தாள். எங்கும் மடிப்பில்லை.

"மறுபடி சுத்துங்க," என்றாள் க்விஸ்டோர்ப். "இந்தத் தடவை நூல் வேணாம்."

சுற்றினார்கள். க்விஸ்டோர்ப் அடுக்குகளின் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து பார்த்தாள்.

"வெளிச்சமே வரலையே. எப்பவும் யார் சுத்துறது?"

"நான்," என்றாள் வீப்கே.

மோட்டார் ஓடியது. க்விஸ்டோர்ப் கோலின் நுனிக்கு எதிரே நின்று, உள்ளங்கையை அதன்மேல் வைத்து லேசாகத் தடுத்தாள். கோல் தள்ளியது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கோல் தள்ளிக்கொண்டே வந்தது. அவள் பின்னால் அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். பதினான்கு மீட்டரும் அது அவளைக் கூடத்தின் மறுகோடிவரை நடத்திக்கொண்டு போனது. விசிறிச் சுவரில் முதுகு தட்டியபோது அவள் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான்.

"பிடிவாதக்காரக் கோல்," என்றாள்.

"செஞ்சவங்க மாதிரி," என்றான் ஓர்ட்வின்.

க்விஸ்டோர்ப் மேசைக்குத் திரும்பி, புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"இதையே சுத்தி முத்திரை வெச்சிடலாம். நான் இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன்."

ஓர்ட்வின் வீப்கேயைப் பார்த்தான். தலையாட்டு என்று கண்ணால் கெஞ்சினான்.

"இது வேண்டாம்," என்றாள் வீப்கே. "இது நிறைய தடவை உள்ள போய் வெளிய வந்தாச்சு. பறக்கறதுக்குப் புதுசா நாலு செஞ்சு தர்றேன். இந்த ஸ்பிரிங்குக்கு ஏத்த மாதிரி விளிம்பை இன்னும் ஒரு மயிரிழை குறைக்கலாம். எடையும் குறையும்."

"எத்தனை வாரம்?"

"ஆறு."

"நாலு வாரத்துல முடியாதா?"

"முடியும். அதை வேற யாராவது செய்வாங்க."

கேரோ வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். க்விஸ்டோர்ப் பேனாவைத் திறந்தாள். பிறகு தாளில் ஆறு என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள்.